சுனாமி தேவனுடைய நியாயத்தீர்ப்பா? பாவத்தையும் மீட்பையும் குறித்து ஒரு பதில்

மகள், இதே கேள்விகளைச் சுமந்துகொண்டு கேட்காமலே இருப்பவர்கள் பலர் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி பெரியகல்லாற்றில் உங்கள் அம்மம்மாவைக் கடல் கொண்டுபோனது; உடல் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின் நடந்த நினைவு ஆராதனையொன்றில், அந்த அலை இந்தக் கரையின் பாவங்களுக்குத் தேவன் அளித்த நியாயத்தீர்ப்பு என்று ஒரு பிரசங்கியார் பேசியதைக் கேட்டு, உங்கள் அம்மா பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பேச்சு வேதத்தின்படி சரிதானா என்பது உங்கள் முதற்கேள்வி. தேவன் அன்பாகவே இருக்கிறார் என்றால் நியாயத்தீர்ப்பு என்று ஒன்று எதற்கு என்பது இரண்டாவது. வாழ்நாளெல்லாம் பிறர் வயிற்றில் அடித்த ஒருவன் கடைசி மூச்சில் "இயேசுவே" என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்பது மூன்றாவது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையிலும் ஞாயிறு பள்ளியிலும் வேதபாடம் கற்பித்தவன் என்ற அளவில், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதற்கேள்விக்கு என் பதில், சரியல்ல என்பதே. இது துக்கத்திலிருக்கும் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லும் வார்த்தையன்று. ஆண்டவரிடமே இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அவர் விடையும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்தபோது பிலாத்து அவர்களைக் கொன்று, அவர்களுடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தான் என்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அந்தக் கலிலேயர் மற்றவர்களைவிடப் பாவிகளாயிருந்தபடியால்தான் அப்படி மாண்டார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டு, கேட்டவர்கள் சொல்லாத இன்னொரு சம்பவத்தையும் அவர் தாமாகவே எடுத்துவைக்கிறார்: சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேரைக் கொன்றது, எருசலேமில் குடியிருந்த எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களோ? முதலாவது, ஆராதனை வேளையில் மனிதன் கைவைத்துச் செய்த கொலை. இரண்டாவது, யாருடைய கையும் படாமல் நேர்ந்த அழிவு. இரண்டுக்கும் அவர் சொன்ன விடை ஒன்றுதான்: "அப்படியல்ல."

மட்டக்களப்புக் கரையில் வாழும் நமக்கு இந்த இரண்டு சம்பவங்களுக்கும் விளக்கவுரை தேவையில்லை. அன்று சீலோவாமில் கோபுரம் விழுந்தது போல் 2004இல் நம்மேல் கடல் விழுந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் யாருடைய வீடு நிற்கும், யாருடைய வீடு போகும் என்பதை அவரவருடைய ஒழுக்கம் தீர்மானிக்கவில்லை. பலியோடு இரத்தம் கலந்தது போல் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஆராதனைக்கு வந்தவர்களின் இரத்தம் சிந்தப்பட்டது. ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் மாண்டார்கள். சுனாமியைத் தீர்ப்பு என்று சொல்லும் வாய், அதே அளவுகோலைக் கொண்டு இந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்லும்? அவர்களைப் பற்றிச் சொல்ல எந்த நாவும் கூசும் ஒரு சொல்லை உங்கள் அம்மம்மாவைப் பற்றியும் சொல்லக்கூடாது. உங்கள் அம்மா எழுந்து போனதில் பிழையில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இயேசு "அப்படியல்ல" என்பதோடு நிறுத்தவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்று தொடர்கிறார். செத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை உயிரோடிருப்பவர்கள் பக்கம் திருப்புகிறார். தீர்ப்பைப் பற்றிய பேச்சு பேசுகிறவனுடைய மடியிலேயே வந்து விழுகிறது. உடனே ஓர் உவமையும் வருகிறது. மூன்று வருடமாகக் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடு என்கிறான் தோட்டத்தின் சொந்தக்காரன். இந்த வருடமும் இருக்கட்டும், நான் சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான் வேலைக்காரன். அந்த ஒரு வருட அவகாசத்தில்தான் நாம் எல்லாரும், அந்தப் பிரசங்கியாரும் நானும் உட்பட, வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எருசலேமின் அழிவைத் தீர்க்கதரிசிகள் தேவனுடைய தீர்ப்பு என்று சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்கள், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அந்த நகரத்தை இடித்ததை எரேமியா அப்படித்தான் கண்டார். ஆனால் அவர் அழிவு வருவதற்கு முன்னே பேசினார், மக்கள் திரும்பிப் பிழைக்கவேண்டும் என்பதற்காகப் பேசினார், அதிகாரத்தில் இருந்தவர்களின் முகத்துக்கு நேரே பேசினார், அதற்காக உளையான துரவிலே இறக்கப்பட்டார். ஆமோஸ் பாவத்தைப் பெயர் சொல்லிச் சுட்டினார்: எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுப்போட்டார்கள் என்றார். அழிவு நடந்து முடிந்த பிறகு பாதுகாப்பான இடத்தில் நின்று, பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, இது உன் ஊரின் பாவம் என்று சொன்ன தீர்க்கதரிசி ஒருவரையும் நான் வேதத்தில் காணவில்லை. அப்படிப் பேசியவர்கள் யோபுவின் நண்பர்கள். ஏழு நாள் அவரோடு தரையில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே வழிதவறினார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் அவர்களைக் கடிந்துகொள்கிறார், யோபுவை அல்ல. தகப்பனுடைய பாவம் பிள்ளைமேல் வரும் என்று ஊரார் சொன்ன பழமொழியையே எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் எடுத்து மறுக்கிறது: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை."

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நியாயத்தீர்ப்பு என்றவுடன் நம் மனதில் எழுவது நீதிமன்றமும் குற்றவாளிக் கூண்டும்தான். கூண்டில் நிற்பவனாகவே நம்மை நாம் நினைத்துக்கொள்கிறோம். எபிரெய வேதத்தில் இதற்குள்ள 'மிஷ்பாத்' என்ற சொல்லுக்கு அதைவிட விரிந்த பொருள் உண்டு: கோணியதை நிமிர்த்துவது, பறிக்கப்பட்டதை உரியவனிடம் சேர்ப்பது, ஒடுக்கப்பட்டவனுக்காக எழுந்து நிற்பது. நியாயாதிபதிகள் என்ற புத்தகத்தில் வரும் தெபோராளும் கிதியோனும் வழக்குத் தீர்ப்பவர்களாக மட்டும் இருக்கவில்லை. நெருக்கப்பட்ட மக்களை விடுவித்தார்கள். விடுவிக்கிறவருக்கும் நியாயந்தீர்க்கிறவருக்கும் அங்கே ஒரே பெயர். ஆகவேதான் 96ஆம் சங்கீதத்தில், கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக வயல் களிகூருகிறது, காட்டு மரங்களெல்லாம் கெம்பீரிக்கின்றன. தண்டனையை எதிர்பார்ப்பவன் கெம்பீரிப்பானா?

கூண்டுக்கு வெளியே, முறைப்பாட்டுக்காரர் பக்கத்தில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு நகரில் காந்தி பூங்காவின் முன்பாக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மார்போடு அணைத்தபடி நின்ற தாய்மாரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பிளாஸ்டிக் உறையிட்ட அந்தப் படங்களில் சில வெயிலில் நிறம் மங்கி, முகத்தின் ஓரம் மட்டும் தெரியும் அளவுக்கு வெளுத்துப் போயிருந்தன. பிடித்திருந்த விரல்கள் மட்டும் தளரவில்லை. தேவன் அன்பானவர், ஆகவே அவர் எதையும் விசாரிக்கமாட்டார் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? விசாரிக்காத அன்பு அவர்களுக்கு அன்பாகவே படாது. லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் விடாமல் போய் நின்ற விதவை கேட்டது தீர்ப்பைத்தான். தீர்ப்பு இல்லாத உலகத்தில் அவளுடைய எதிராளிக்கு மட்டுமே நிம்மதி. அன்பு எதற்கு நியாயந்தீர்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள்; அன்புகூரப்பட்ட ஒருவருக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்பதற்காகத்தான்.

அந்தத் தீர்ப்பு எப்போது, யார் கையால் என்பதிலும் வேதம் மிகக் கவனமாக இருக்கிறது. மத்தேயு 13இல் கோதுமைக்குள் களை விதைக்கப்பட்ட உவமையை நம் பகுதி விவசாயி படித்தவுடனே விளங்கிக்கொள்வான், ஏனென்றால் அவன் வேளாண்மைக்குள் பன்றிநெல் இருக்கிறது. குடலைப் பருவம்வரை அதையும் நல்ல நெல்லையும் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம்; இலையும் தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்: முந்திப் பழுத்து, கைபட்டவுடன் உதிர்ந்துவிடும். உவமையில் வரும் வீட்டெஜமான், இப்போது களையைப் பிடுங்கினால் கோதுமையையும் கூடவே வேரோடே பிடுங்கிவிடுவீர்கள் என்று வேலைக்காரரைத் தடுக்கிறான். அறுப்புமட்டும் இரண்டும் வளரட்டும். பிரிப்பதும் வேலைக்காரருடைய பொறுப்பல்ல, அறுக்கிறவர்களுடையது. கதிர் வருமுன்னே வட்டைக்குள் இறங்கி, இது நெல், இது பன்றிநெல் என்று பிடுங்கத் தொடங்கியதுதான் நீங்கள் கேட்ட அந்தப் பிரசங்கத்தின் பிழை என்று நான் நினைக்கிறேன்.

இனி மீட்பு. நம் தமிழில் இது ஆலயத்துக்குள் மட்டும் வாழும் சொல்லல்ல. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவின் தாலிக்கொடி வங்கியில் அடகில் இருந்தது. தவணை முடிந்து ஏலத்துக்கு விடப்போவதாகக் கடிதம் வந்துவிட்டது; வீட்டில் காசில்லை. பெரும்போக நெல்லை விற்ற பணத்தோடு மாமா, அம்மாவின் மூத்த அண்ணன், வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கருமபீடத்தின் உயரத்துக்கு என் கண் எட்டியது. எழுதுவினைஞர் சீட்டைப் பார்த்து முதலையும் வட்டியையும் சதம் சதமாகக் கூட்டிச் சொன்னார்; ஒரு சதமும் குறையவில்லை. மாமா எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி வைத்தார். உள்ளேயிருந்து அரக்கு முத்திரை வைத்த சிறிய காகித உறை ஒன்று வந்தது. அதைக் கிழித்து, கொடியைத் தராசில் வைத்து நிறையைச் சரிபார்த்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அம்மா அதை அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் லேவியராகமம் 25ஐ வகுப்பில் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கருமபீடம் என் கண்முன் வந்து நின்றது.

ஏனென்றால் அந்த அதிகாரம் சொல்வதும் இதைத்தான்: உன் சகோதரன் தரித்திரப்பட்டுத் தன் காணியை விற்றுப்போட்டால், அவனுக்கு நெருங்கிய இனத்தான் ஒருவன் வந்து அதை மீட்கவேண்டும். அப்படி மீட்கிறவனை எபிரெயத்தில் 'கோஏல்' என்பார்கள். ரூத்தின் கதையில் போவாஸ் கோஏல். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று யோபு சொல்லும் இடத்திலும் இதே சொல். ஆகவே வேதத்தில் மீட்பர் என்பவர் முன்பின் தெரியாத வள்ளல் அல்லர். இரத்த உறவுக்காரர், வருவதற்குக் கடமைப்பட்டவர். அவர் கடனை மறைக்கவும் இல்லை, கணக்கைக் கிழிக்கவும் இல்லை. கணக்கு முழுவதும் வாசிக்கப்படுகிறது. செலுத்தும் கை மட்டும் மாறுகிறது.

எரேமியா 32ஆம் அதிகாரத்தில் இது இன்னும் ஆழமாக வருகிறது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அவர் அறிவித்த தீர்ப்பு வாசலில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள்ளும், மீட்கும் உரிமை உமக்கே இருக்கிறது என்கிறான். எதிரியின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் பூமி அது. சாதாரணமாக யோசித்தால் செல்லாக்காசு பெறாது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, உறுதியை அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஓடியபோது காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இந்த அதிகாரத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் மறுபேச்சில்லாமல் தலையசைப்பார்கள். தீர்ப்பும் மீட்பும் வேறு வேறு காலங்களுக்கு உரியவை என்றோ, பழைய ஏற்பாட்டின் தேவன் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் தேவன் இரக்கமுள்ளவர் என்றோ சொல்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து இரண்டும் வந்தன.

சிலுவையை நான் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். கோபம் தணியாத தகப்பன் ஒருவர், தம் கோபத்தைத் தீர்க்க அப்பாவி மகன் ஒருவரை அடித்தார் என்பது போல் சிலர் பிரசங்கிப்பதுண்டு. அது அப்போஸ்தலர்கள் சொன்னதல்ல. "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5இல் பவுல் எழுதுகிறார். செலுத்த வந்தவர் வேறொருவர் அல்லர். கணக்குக் கேட்கவேண்டியவரே நம் மாம்சத்தை எடுத்து, நமக்கு இனத்தானாகி, கருமபீடத்தின் இந்தப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த விலை யாருக்குச் செலுத்தப்பட்டது என்று திருச்சபை பல நூற்றாண்டுகளாக யோசித்திருக்கிறது. பிசாசுக்கு என்றார்கள் பிதாக்கள் எனப்படும் முற்காலத் திருச்சபைப் போதகர்கள் சிலர். அந்தப் பிதாக்களில் ஒருவரான நாசியான்சஸ் கிரகோரியார் அதை மறுத்தார். 11ஆம் நூற்றாண்டில் கந்தர்பரிப் பேராயர் அன்செல்ம் தேவனுடைய மாட்சிமைக்குச் செய்யவேண்டிய ஈடு என்று விளக்கினார். வேதமோ விலை உண்டு என்று சொல்கிறதே தவிர, யாருக்கு என்று எழுதவில்லை. நானும் அதற்குமேல் போகமாட்டேன்.

ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். ரோமர் 3:25இல் பவுல் எழுதிய 'ஹிலாஸ்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல்லை நம் பழைய வேதாகமம் "கிருபாதாரபலி" என்று மொழிபெயர்க்கிறது. அதே சொல் எபிரெயர் 9:5இல் "கிருபாசனம்" என்று வருகிறது. அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மூடி. பெட்டிக்குள்ளே நியாயப்பிரமாணக் கற்பலகைகள். அதன்மேல், வருடத்துக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில் தெளிக்கப்பட்ட இரத்தம். பலகைகளை யாரும் வெளியே எடுத்து உடைத்துப்போடவில்லை, சட்டம் சட்டமாகவே உள்ளே இருக்கிறது. ஆனால் தேவன் தம் மக்களைச் சந்திக்கும் இடம் அந்த மூடியின் மேலே.

மூன்றாவது கேள்வியில் உங்கள் கோபம் தெரிகிறது, அது நியாயமான கோபம். கடைசி மூச்சில் மனந்திரும்புகிறவனுக்கு மன்னிப்பு உண்டா? உண்டு. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஆண்டவர் மறுக்கவில்லை. ஆனால் அவன் "என்னை நினைத்தருளும்" என்று கேட்பதற்கு முன் சொன்னதை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்: நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்றான். தன்மேல் உள்ள தீர்ப்பைத் தானே வாயால் சொன்ன பிறகே அவன் இரக்கம் கேட்டான். அவன் கைகள் ஆணியில் இருந்தன; திருப்பிக் கொடுக்க அவனுக்கு வழியில்லை.

வழி உள்ளவனுக்கு, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுதான் மாதிரி. இயேசு அவனிடம், முதலில் கணக்கை முடி, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. முதலில் வீட்டுக்குப் போனார். கிருபை முந்திக்கொண்டது. ஆனால் அந்தக் கிருபை வீட்டுக்குள் வந்த பிறகு சகேயுவால் சும்மா இருக்க முடியவில்லை: ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக உரியவர்களுக்கும் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான். ஆட்டைத் திருடி அறுத்தவன் நாலு ஆடு கொடுக்கவேண்டும் என்பது யாத்திராகமம் 22இன் சட்டம். சகேயு அந்தச் சட்டத்தைத் தானாகவே தன்மேல் போட்டுக்கொண்டான். எண்ணாகமம் 5இலோ, குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, தான் குற்றம் செய்தவனுக்கே கொடுக்கவேண்டும். ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று அங்கே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்ச் சேரவேண்டிய காணியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் இராப்போசனத்தில் முழங்காற்படியிடுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டவர் மத்தேயு 5இல் சொன்னது, காணிக்கையை அங்கேயே பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு எழுந்து போ என்பது. தேவன் மன்னித்துவிட்டார் என்று சொல்லி, பறிகொடுத்தவருடைய வாயை அடைப்பதற்கு மீட்பைப் பயன்படுத்தக்கூடாது. தாவீது மன்னிக்கப்பட்டான், அவன் கொல்வித்த உரியா திரும்பி வரவில்லை, தாவீதின் வீட்டைவிட்டு வாளும் விலகவில்லை. "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன்" என்ற வசனத்தின் இரண்டாம் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள முடியாது. உங்கள் மனதில் இருக்கும் அந்த மனிதர் யாரென்று நீங்கள் எழுதவில்லை. அவர் கேட்டால் மன்னிப்பு உண்டு. அவர் செய்ததும் மறைக்கப்படாமல் வாசிக்கப்படும். "நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும்" என்று விசுவாசிகளுக்குத்தான் பவுல் எழுதினார்.

கடைசியாக, உங்கள் அம்மம்மாவுக்காக ஒன்று. கடைசி நியாயத்தீர்ப்பை வேதம் விரிவாகக் காட்டும் இடங்களில் ஒன்று வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரம். பெரிய வெள்ளைச் சிங்காசனம், திறக்கப்பட்ட புஸ்தகங்கள், சிறியோரும் பெரியோரும் அதற்கு முன்னே நிற்பது எல்லாம் அங்கே உண்டு. அந்தக் காட்சிக்குள் கடலும் வருகிறது. நான் பலமுறை அந்த வசனத்தைக் கடந்து போயிருந்தாலும், 2005ஆம் ஆண்டு, கடற்கரை மணலில் இன்னும் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்த நாட்களில்தான், அது என் கண்ணில் பட்டது. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." தேவனுடைய தீர்ப்பை நிறைவேற்றும் சேவகனாகக் கடல் அங்கே வரவில்லை. தான் எடுத்துக்கொண்டவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன்காரனாக அது அந்தச் சிங்காசனத்தின் முன் நிற்கிறது. அடக்கம் செய்யக் கிடைக்காத உடல்களையும் மீட்பர் கணக்கில் வைத்திருக்கிறார். இந்த டிசெம்பரில் அம்மாவோடு கடற்கரைக்குப் போனால், அந்த 13ஆம் வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.